லைனில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பாட்டு

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களுக்கும், தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கும் அவன் திருகாணிதான். எந்தச் சட்டையை எடுத்து உதறினாலும் பையிலிருந்து நாலு திருகாணி உருண்டு ஓடும். அப்படி உருண்ட ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்தைக் கெடுத்தது. அவனே கழற்றி மாட்டிச் சரிசெய்தான். மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம் வந்தது. அதையும் பையில் போட்டுக்கொண்டான்.

பேச்சு விஷயத்தில், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். அதற்கும் சேர்த்து அவன் மனைவி பேசினாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால், பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை ஓயாது. அவள் அக்கா ஆசை ஆசையாக வாங்கிய சோஃபா வாசலுக்குள் நுழையாமல் நின்ற கதை. எதிர்வீட்டு நாய், சொந்த வீட்டுக்காரனைப் பார்த்து மட்டும் குரைக்கிற கதை. பள்ளிக்கூட நீச்சல் போட்டியில் கடைசியாக வந்தும் அவள் முதல் ஆளைவிட அதிகமாகக் கைதட்டல் வாங்கிய கதை. இவற்றுக்கு நடுவே, லிஃப்ட்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுவதை மட்டும் நிறுத்தமாட்டேன் என்கிறானே என்ற குறை. திருகாணியின் வேலை 'உம்' கொட்டுவது. கொஞ்சம் அசந்தால், "உம் கொட்டுங்க, சுவத்துக்கிட்டயா பேசறேன்?" என்பாள். சோம்பேறி வேலைதான். ஆனால் அவனுக்கு அதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. வெளியே யாரிடமும் அவன் இதை ஒப்புக்கொண்டதில்லை.

அவள் நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள். அந்த வருடம் அவளைத் தூக்கிப் புகார் பிரிவில் போட்டார்கள். கண்ணாடி போட்ட சின்ன அறை, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, அதற்குள் ஊர்ப்பட்ட கோபம். தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் கலங்கலாக வந்தவர்கள், வீட்டுக்குழாயில் வராமல் தெருவில் மட்டும் ஆறாக ஓடுகிறது என்கிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். மூன்றாவது மாடிக்காரர் என்று ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்குத் தண்ணீர் ஏறுவதே இல்லை. அந்தக் குறையை ஏற்ற இறக்கத்தோடு சொல்வதற்கென்றே வாரம் தவறாமல் போன் போடுவார்.

நாளெல்லாம் காதில் இடி விழுந்தால் வாய்க்கு என்ன தெம்பு இருக்கும்? வீட்டுக்கு வந்தால் பையை வைத்தாள், கையைக் கழுவினாள், சாப்பிட்டாள், படுத்தாள். சோஃபா இல்லை, நாய் இல்லை, நீச்சல் இல்லை. குழாய் மட்டும் சொட்டியது. முதல் வாரம் களைப்பு என்று நினைத்தான். ஒரு மாதம் ஆனதும் அப்படி நினைக்க முடியவில்லை. 'உம்' கொட்ட ஒன்றும் இல்லாத வீட்டில் திருகாணி என்ன செய்வான்?

பிறகு ஒரு நாள் அவளாகவே வாயைத் திறந்தாள். நல்ல செய்திக்கு இல்லை.

"நீரேற்று நிலையத்துல ஒரு இடம் காலியா இருக்காம். ஊரை விட்டு ரொம்பத் தள்ளி. அங்கேயே குவார்ட்டர்ஸ் உண்டு. வாரக் கடைசியில வீட்டுக்கு வரலாம். மீட்டர் முள்ளைப் பாத்து எழுதி வைக்கறதுதான் வேலை. போன் கிடையாது. மேலாளர் இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்கறார்."

"போறியா?" என்றான்.

"முள்ளு திட்டாதுல்ல?" என்றாள்.

போகாதே என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? அவள் படுகிற பாடு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. சரி என்று தலையாட்டிவிட்டு, பின்னறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து மதியம் வீட்டுச்சாவியை மறந்துவிட்டு வெளியே நின்றான். வேலை நேரத்தில் அவளுடைய கைபேசி பெட்டிக்குள் பூட்டியிருக்கும். வேறு வழியில்லாமல் அலுவலகப் பொது எண்ணுக்கே அடித்தான். 'லைனில் காத்திருக்கவும்' என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனது. பிறகு பாட்டு. பாட்டு என்றால், எட்டே எட்டு சுரம். டிங் டிங் டிடிங் என்று ஓடி முடியும், மறுபடி டிங் என்று ஆரம்பிக்கும். முதலில் பரவாயில்லை என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் அடுத்த டிங் எப்போது வரும் என்று பல்லுக்கே தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நெற்றி நரம்பு அந்தத் தாளத்துக்குத் துடிக்க ஆரம்பித்தது. பூனை போலப் பதுங்கி நடக்கிற மனுஷன், கடைசியில் எதிர்முனையில் 'வணக்கம்' என்ற குரல் வந்ததும், "எவ்வளவு நேரம் நிக்க வைப்பீங்க? மனுஷங்களா இல்லையா நீங்கள்லாம்?" என்று எரிந்து விழுந்தான்.



"தாமதத்துக்கு மன்னிக்கணும் சார்," என்றது குரல். பிறகு அதே குரல், தாழ்ந்து, "நீங்களுமா?" என்றது.

அவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நடுவெயிலில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, வரிசையாக மன்னிப்புக் கேட்டான். ஆனால் வெட்கம் ஆறியதும் ஒன்று புரிந்தது. இவனுக்குத் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை. வெறும் சாவிதான். இவனையே அந்த டிங் டிங் இந்தப் பாடு படுத்தினால், நாலு நாளாகக் குளிக்காதவனை என்ன படுத்தும்? அவளிடம் வந்து சேருவதற்குள்ளேயே ஆட்கள் வெந்து கருகி வந்துகொண்டிருந்தார்கள்.

பின்னறையில் அவனிடம் ஒரு பெட்டி இருந்தது. பழைய மின்சாதனக் கடை வைத்திருக்கும் மைத்துனன் இரண்டு வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்து போட்டது. "இது பேரு ஸ்டெப் சீக்குவென்சர், மாமா. ஒருத்தரும் வாங்கமாட்டேங்கறாங்க. நீங்களாவது நோண்டுங்க," என்றிருந்தான். கையகலப் பெட்டி, அதில் பதினாறு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒரு படி. லிஃப்ட்டில் மாடி எண்கள் ஒவ்வொன்றாக எரிவதுபோல ஒரு வெளிச்சம் படிப்படியாக ஓடும். எந்தப் படியில் எதை வைத்தோமோ அது ஒலிக்கும். கடைசிப் படி முடிந்தால் மறுபடி முதல் படி. பார்த்த உடனே திருகாணிக்கு அதைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஒரு மெட்டுக்கு அதில் நாலு வரிசைகள் இருந்தன; தனியாக இன்னொரு ஒலியைச் சேர்க்கவும் இடம் உண்டு. எந்தச் சுரம் என்பதற்கு ஒன்று. எவ்வளவு சத்தம் என்பதற்கு ஒன்று. சுரம் எவ்வளவு நீளம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒன்று. இந்தப் படியில் ஒலிக்கலாமா, சும்மா இருக்கலாமா என்பதற்கு இன்னொன்று. நாலும் எட்டுப் படி. நாலும் சேர்ந்தே ஓடிச் சேர்ந்தே திரும்பும்.

மூன்று நாள் மெனக்கெட்டு ஒரு மெட்டு அமைத்தான். சும்மா சொல்லக்கூடாது, அழகான மெட்டு. அதை ஓடவிட்டுவிட்டு, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த பக்கம் காதை வைத்துக் காத்திருந்தான். கத்திச் சத்தம் மெல்ல மெல்ல வேகமானது. பிறகு படக்கென்று நின்றது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இன்னும் ஒரு தடவை அது முதல்லேருந்து வந்துச்சுன்னா, நானே புகார் பிரிவுக்கு போன் போட்டுருவேன்."

மெட்டு படுத்துவிட்டது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு கிண்டல் வந்ததே! அதற்கே அவன் மனசு குளிர்ந்துவிட்டது. எட்டுப் படியைப் பதினாறாக்கிப் பார்த்தான். அது சின்னத் தொல்லையைப் பெரிய தொல்லையாக்கியதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, அந்த சோஃபா கதையை ஒரு தடவை சொல்லேன்," என்று கிளறினான். வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். சோஃபாவின் கால்களைக் கழற்றுகிற இடம் வந்தபோது அவளுக்கே சூடு பிடித்துவிட்டது. திருகாணி ஓரமாக உட்கார்ந்து ஆனந்தமாக 'உம்' கொட்டினான்.

கொட்டும்போதுதான் கவனித்தான். எல்லாம் நூறு தடவை கேட்டவை. அப்படியும் அலுக்கவில்லையே, ஏன்? நீச்சல் கதை குட்டி, சட்டென்று முடிந்து சட்டென்று திரும்பி வரும். சோஃபா கதை நீளம், இழுத்துக்கொண்டே போகும். நாய்க்கு ஒரு நீளம், குழாய்க்கு ஒரு நீளம். ஒன்றுக்காக இன்னொன்று நிற்பதில்லை. அதனால் போன தடவை நீச்சல் போட்டிக்கு நடுவில் குரைத்த நாய், இன்றைக்கு சோஃபாவின் கால் கழலுகிற இடத்தில் வந்து குரைத்தது. சரக்கு பழையதுதான், சேர்மானம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு.

பாதிக் கதையில் எழுந்து பின்னறைக்கு ஓடினான். கல்யாணமான இத்தனை வருடத்தில் பாதிக் கதையில் அவன் எழுந்தது அதுதான் முதல் தடவை. அவள் அதிர்ந்துபோய்த் தம்பியைப் பார்த்தாள்.

பெட்டியின் அமைப்புகளைத் துழாவியதில் கிடைத்தது. ஒவ்வொரு வரிசையின் நீளத்தையும் தனித்தனியாக மாற்றலாம்! உற்சாகத்தில் ஒன்றை நாலாக்கினான், மற்றவற்றை எட்டிலேயே விட்டான். ஒன்றும் மாறவில்லை. பின்னாலேயே வந்து நின்ற மைத்துனன், "மாமா, நாலு ரெண்டு சுத்து வந்தா எட்டு. எல்லாரும் மறுபடி ஒண்ணாத்தானே வாசலுக்கு வந்து நிக்கறாங்க? ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத கணக்கா வைங்க," என்றான். சுரத்துக்கு ஏழு, சத்தத்துக்கு ஐந்து, நீளத்துக்கு மூன்று என்று வைத்தான். ஒலிக்கலாமா, சும்மா இருக்கலாமா என்ற வரிசையை மட்டும் எட்டில் விட்டான். ஓடவிட்டார்கள். அதே சுரங்கள்தான். ஆனால் போன சுற்றில் மெதுவாக வந்த சுரம் இந்தச் சுற்றில் ஓங்கி ஒலித்தது. நீளமாக நின்ற சுரம் சட்டென்று தாவிப் போனது. நாலு வரிசையும் மறுபடி முதல் படியில் ஒன்றாக வந்து நிற்பதற்குள் ஒருவர் குளித்துவிட்டே வந்துவிடலாம்.

வாசலில் நின்று கேட்ட அவள், "இப்ப என்ன மாத்தினீங்க?" என்றாள்.

"ஒண்ணுமே மாத்தலை. அதுவா மாறுது."

அவள் நம்பவில்லை. ஆனால் அங்கேயே நின்று கேட்டாள்.

பெட்டியை அவள் அலுவலகத்துக்கே எடுத்துப் போனான். மேலாளர் தங்கமான மனுஷர். "இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு? மாட்டிப் பாருங்க," என்றார். தொலைபேசி இயந்திரத்தின் பின்னால் பாட்டுப் பெட்டியைச் செருக ஒரு துளை இருந்தது. திருகாணி பெட்டியை அலமாரி மேல் வைத்து, வயரைச் செருகி, சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். திங்கள் நன்றாகப் போனது. செவ்வாயும் நன்றாகப் போனது. திட்டு பாதியாகக் குறைந்தது என்று அவளே சொன்னாள். அவன் மிதந்தான்.

புதன்கிழமை பெரிய குழாய் ஒன்று உடைந்தது.

ஊரே போன் போட்டது. அதுவரை யாரும் அவ்வளவு நேரம் லைனில் நின்றதில்லை. நின்றபோதுதான் பெட்டியின் குணம் தெரிந்தது. வரிசைகள் தனித்தனியாக ஓடுகிறதில் ஒரு வில்லங்கம் உண்டு. எப்போதாவது ஒரு நேரம், சும்மா இருக்கிற படிகளும், சத்தம் குறைந்த படிகளும், நீளம் குறைந்த படிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்துவிடும். அப்போது பாட்டு கொஞ்ச நேரம் மூச்சே விடாது. பின்னறையில் கேட்டபோது அது சுகமான ஓய்வாக இருந்தது. போனில் அதற்கு வேறு அர்த்தம். பாட்டு நின்றால் ஆள் எடுத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஹலோ மேடம்" என்று தொடங்கி, தெரு, வீட்டு எண், எந்தக் குழாய், எத்தனை நாளாக என்று வெறும் காற்றிடம் ஒப்பித்தார்கள். அவள் உண்மையிலேயே எடுத்து 'வணக்கம், சொல்லுங்க' என்றபோது, "இவ்வளவு நேரம் தொண்டை கிழியச் சொன்னேனே, காதுல பஞ்சா வச்சிருக்கே?" என்று பாய்ந்தார்கள். மூன்றாவது மாடிக்காரருக்கு நேர்ந்தது இன்னும் மோசம். உருக்கமாகப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டு திரும்ப ஆரம்பித்துவிட்டது. "நான் அழுதுக்கிட்டு இருக்கேன், நீ பாட்டு வாசிக்கிறியா?" என்று அவர் கத்தியதில், பக்கத்து மேஜை வரை கேட்டதாம்.

சாயங்காலம் அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. பையை வைத்துவிட்டு, "நாளைக்குத்தான் கடைசி நாள். நீரேற்று நிலையத்துக்குச் சரின்னு சொல்லிடறேங்க," என்றாள்.



மறுநாள் காலை ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து அழைப்பு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். திருகாணியிடம் ஒரு பழக்கம் உண்டு. மாட்டிக்கொண்டவர்களிடம் அவனால் ஆறுதலாகப் பேச முடியாது, வார்த்தை வராது. அதனால் ஸ்பேனரால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான். டொக், டொக், டொக், டொக். வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. வலது கை வேலை பார்க்கும், இடது கை தட்டும். சக ஊழியர்கள் இதைக் கேலி செய்வார்கள். ஆனால் அவன் தட்டுகிற லிஃப்ட்டில் ஒருவரும் அலறியதில்லை.

அன்றைக்கும் தட்டினான். நெம்புகோலை இழுக்க ஒரு தடவை இரண்டு கையும் வேண்டியிருந்தது. தட்டல் நின்றது.

"போயிட்டீங்களா? ஐயோ, போயிட்டீங்களா?" என்று உள்ளிருந்து குரல் உடைந்தது.

"இருக்கேம்மா, இருக்கேன்," என்று அவசரமாக மறுபடி தட்டினான். டொக், டொக். உள்ளே அமைதியானது.

தட்டிய கை தட்டியபடி இருக்க, அவன் வாய் பிளந்து நின்றான். அட மடையா! நாள் தவறாமல் கையால் செய்கிற வேலையைப் பெட்டியில் வைக்க மறந்துவிட்டாயே. வரிசைகள் எல்லாம் ஊர் சுற்றட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஒன்று மட்டும் வீட்டிலேயே இருக்க வேண்டாமா?

அந்தப் பெண்ணைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடிநீர் அலுவலகத்துக்கு ஓடினான். மேலாளர் சாப்பாட்டுக் கையோடு, "இன்னுமா?" என்று பார்த்தார். "அஞ்சே நிமிஷம் சார்," என்று அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினான். புதிதாக ஐந்தாவது வரிசை. ஒரே சுரம், அடிக்குரலில், கதவைத் தட்டுகிற மாதிரி. நாலு படி. சும்மா இருக்கிற படி கிடையாது, சத்தம் கூடாது குறையாது, நீளமும் மாறாது. மேலே மற்ற நாலு வரிசையும் பழையபடி ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடின. மேலே எல்லாம் ஓய்ந்துபோகிற அந்த இடம் வரும்வரை காத்திருந்து கேட்டான். டொக், டொக், டொக், டொக். ஆள் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் காதுக்கருவியோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. போன் விளக்கு எரிந்தது, அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அன்று பிற்பகல் முழுவதும் அவன் எந்த லிஃப்ட்டைப் பார்த்தான், எதை மாட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து, இரண்டு தட்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஒரு தட்டைத் திரும்ப உள்ளே வைத்துப் பார்த்தான். இனி இப்படித்தானோ என்று நினைத்தான். அதை எடுத்து மறுபடி மேஜையில் வைத்தான். அவளை இன்னும் காணோம்.

படிக்கட்டிலேயே சத்தம் கேட்டது. யாரோடோ பேசிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தான். கதவு திறந்தது. கூட யாரும் இல்லை.

"கேட்டீங்களா, அந்த மூணாவது மாடிக்காரர் இன்னிக்கும் போன் போட்டாருங்க," என்று ஒரு செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "நான் எடுத்து வணக்கம் சொல்றேன், அந்தப்பக்கம் பேச்சே இல்லை. கேட்டா, 'யாரோ பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சும்மா, அப்படியே கண்ணு அசந்துட்டேன்'ங்கறார். தண்ணி வந்துச்சா சார்னா, 'எங்க வந்துச்சு'ங்கறார். ஆனா திட்டலைங்க! கேக்கறீங்களா?"

"உம்," என்றான் திருகாணி.

"வீட்ல தனியாளாம். இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது. வர்ற வழியில அக்கா போன் பண்ணா. அந்த சோஃபாவை விக்கப் போறாளாம். உள்ள நுழையாதது இப்ப வெளிய வரமாட்டேங்குதாம்!"

"உம்."

"சிரிச்சு சிரிச்சு பஸ்ஸுல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எதிர்வீட்டு நாய் வேற இப்ப என்னைப் பாத்தும் குரைக்குது, என்னையும் அந்த வீட்டாளுன்னு நினைச்சுக்கிச்சு போல. மேலாளர்கிட்ட அந்த நீரேற்று நிலையம் வேண்டாம்னு சொல்லிட்டேன், அங்க பேசறதுக்கு ஒரு ஈ காக்கா கிடையாதாம், நான் போய் என்ன பண்றது? அப்புறம் அந்தக் குளியலறைக் குழாய்..."

"உம்!"

இந்த 'உம்' மட்டும் கொஞ்சம் ஓங்கி வந்துவிட்டது. அவள் இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அவன் தட்டைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு. குழாய்க்கு என்ன?"

"இன்னும் சொட்டுது," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.